நோக்கியாவுக்கு ஒரு சட்டை

என் நோக்கியா 1100க்கு ஓர் உறை வேண்டும். இதற்காக நேரு வீதியில் ஏழு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் ‘கவர்’ என்றதும் கேரி பேக்கை நீட்டினார்கள். ஏழாவது கடைப் பையன், “தாத்தா, கவருக்கு அலையற நேரத்துல புது போனே வாங்கிடலாம்” என்றான். அவன்மேல் தப்பில்லை. அவன் தவழ்ந்த காலத்திலேயே இந்த மாடல் கடையை விட்டுப் போயிருக்கும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்பீர்கள். மகன் வாங்கித் தந்த தொடுதிரை போன் மேசைமேல் இருக்கிறது. காய்ந்துபோன என் விரலை அது பல நேரம் விரலாகவே மதிப்பதில்லை. கொஞ்சம் அழுத்தினால் யாருக்கோ வீடியோ கால் போய்விடுகிறது. வங்கியிலிருந்து ஓடிபி வந்தால் பேரனைக் கூப்பிட வேண்டும். நோக்கியாவில் அந்த எண்கள் கறுப்பெழுத்தில் பளிச்சென்று நிற்கும், நானே படித்துக்கொள்வேன். என் பென்ஷன் கணக்கை நானே பார்த்துக்கொள்கிறேன் என்பது எனக்குச் சின்ன விஷயமில்லை. ஆனால் போன வருஷத்திலிருந்து வலது கை லேசாக நடுங்குகிறது. போன மாதம் போன் கீழே விழுந்து ஒரு மூலையில் விரிசல் கண்டுவிட்டது. இன்னும் இரண்டு முறை விழுந்தால் அதன் கதை முடிந்தது, என் கதை பேரன் கையில்.

2003இல் வந்த கருவி இது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. தூசு புகாத ரப்பர் பட்டன்கள், தலையில் டார்ச். புழுதியும் மின்வெட்டும் உள்ள ஊர்களுக்கென்றே செய்தது. இதன் பிஎல்-5சி பேட்டரி இன்றும் கிடைக்கிறது, ஏனென்றால் சின்ன எஃப்.எம். ரேடியோக்களுக்கும் அதையேதான் போடுகிறார்கள். உறைக்கு அப்படி வேறு பிழைப்பு இல்லை. போன் நின்றதும் அதுவும் நின்றுவிட்டது.

நான் யூ.டி.சி.யாக இருந்தபோது ஒரு பழைய டைப்ரைட்டரைக் கண்டம் செய்ய வேண்டுமென்றால் கோப்பு திறக்க வேண்டும், ஆய்வு வேண்டும், மேலிடத்துக் கையெழுத்து வேண்டும். அப்போது சலித்துக்கொண்டோம். இப்போது பாருங்கள், நன்றாக வேலை செய்யும் பொருளைக் கோப்பே இல்லாமல் கண்டம் செய்கிறார்கள். உறையை நிறுத்து, சார்ஜரை நிறுத்து, பொருள் தானாகச் சாகும். பிரான்சில் 2021 ஜனவரி முதல் ஸ்மார்ட்போன்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் போட வைத்தார்கள். உதிரிபாகம் கிடைக்குமா என்பதற்கும் அதில் மார்க் இருந்தது. நல்ல ஏற்பாடு. நான் கேட்பது அதைவிடச் சிறியது: ஒரு கருவியைச் செய்வதை நிறுத்தும்போது அதன் அளவுப் படத்தையாவது வெளியிடட்டும். எந்த ஊர்த் தையல்காரரும் உறை தைத்துக்கொள்வார்.

பள்ளியில் எங்களுக்கு உறைக்குச் சொல்லித்தந்த சொல் ‘எத்துயி’. மூக்குக்கண்ணாடிக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, அந்தந்தப் பொருளின் அளவுக்கே செய்தது. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் கிடைத்த பைகளெல்லாம் தொடுதிரை போனுக்கானவை. என் நோக்கியா அதற்குள் அண்ணன் சட்டையைப் போட்ட தம்பி மாதிரி ஆடியது.

கடைசியில் பெரிய மார்க்கெட் அருகே செருப்புத் தைப்பவரிடம் போனேன். அந்தக் காலத்தில் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குத் தோலுறை போட்டிருந்தோமே, அந்த மாதிரி வேண்டுமென்றேன். நான் ஆபீசுக்குக் கொண்டுபோன தோல்பையின் மூடியை வெட்டிக்கொள்ளச் சொன்னேன். போனைத் தோலின்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தார். பிறகு நிமிர்ந்து, “டார்ச்சுக்கு ஓட்டை விடணுமா ஐயா?” என்றார். அதை நான் மறந்தே போயிருந்தேன். நூற்றிருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

பத்து நாளாகிறது. அதற்குள் இரண்டு முறை விழுந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. அடியில் சார்ஜர் குத்தும் ஓட்டை மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை எடுத்துப்போய்ப் பெரிதாக்கி வாங்கி வர வேண்டும்.