கரோல் பாகில் தொடங்கி, பாதியில் நின்ற வேலை

மழை விட்டும் ஈரம் காயாத ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் தில்லி கரோல் பாகின் பன்சாரி என்னும் நாட்டு மருந்துக் கடைகளில் சிராயதாக் குச்சி தேடி வருவோர் உண்டு. இரவில் ஒரு பிடிக் குச்சியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வடிகட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மடக்காகக் குடிப்பார்கள். இங்கே தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், ஊரிலிருந்து வந்த நிலவேம்புப் பொட்டலம் தீர்ந்தால் இதே குச்சியை வாங்கிவருகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் கசக்கும், இரண்டும் காய்ச்சலுக்கு, ஆகவே இரண்டும் ஒன்று என்பது வீட்டுக் கணக்கு. ஆனால் சிராயதா இமயமலைச் சரிவில் வளரும் செடி. நிலவேம்பு நம் சமவெளியில் வளர்வது. தாவரக் குடும்பமும் வேறு, கசப்பைத் தரும் வேதிப்பொருளும் வேறு.

சாதாரணக் காய்ச்சல் என்றால் இந்தக் குழப்பத்தால் பெரிய கேடு வராது. மலேரியா என்றால் வரும். ஃபால்சிபாரம் வகைக் கிருமி மூளையைத் தாக்கினால், கஷாயம் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு நாளில் உயிர் போய்விடலாம். அதனால் நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மலேரியாவுக்கு மருந்து என்று ஒரு செடியைக் காட்டும் உரிமை, நோயாளியின் ரத்தத்தில் கிருமி ஒழிந்ததை நிரூபித்தவர்களுக்கே உண்டு. அப்படி நிரூபிக்கக்கூடிய செடிகளைத் தேடிச் சோதிக்கும் கடமை அரசுக்கு உண்டு. முதலாவதை மட்டும் சொல்பவர்கள் நாட்டு மருத்துவத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டாவதை மட்டும் சொல்பவர்கள் சோதனை முடியும் முன்பே மருந்தை ஊருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நாம் இரண்டையும் சேர்த்தே கேட்கிறோம்.

இப்படிக் கேட்க கரோல் பாகைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கடைத்தெருவுக்குப் பெயர் தந்த ஹக்கீம் அஜ்மல் கான் யுனானி மருத்துவர். அவர் கட்டிய ஆயுர்வேத, யுனானி திப்பியா கல்லூரியை 1921 பிப்ரவரி 13 அன்று காந்தி திறந்துவைத்தார். பழைய மருந்துகளை நவீன வேதியியல் கொண்டு ஆராய வேண்டும் என்பது அஜ்மல் கானின் விருப்பம். ஜெர்மனியில் வேதியியல் படித்துத் திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்திக்கி அந்த வேலையை ஏற்றார். நம் வைத்தியர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய சர்ப்பகந்தி வேரிலிருந்து 1931இல் ஓர் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்து, நான்காண்டுகளுக்கு முன் மறைந்துவிட்ட ஹக்கீமின் நினைவாக அதற்கு அஜ்மலின் என்று பெயர் வைத்தார். அது இதயத் துடிப்புக் கோளாறுக்கான மருந்தாயிற்று. இன்றும் ஐரோப்பிய மருத்துவமனைகளில் புருகாடா என்னும் இதய நோயைக் கண்டறிய அஜ்மலினைச் செலுத்திப் பார்க்கிறார்கள். அதே வேரிலிருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ரெசர்பின் 1952இல் கிடைத்தபோது, அது கிடைத்த இடம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். செடி நம்முடையது, அனுபவம் நம்முடையது, முதல் அடி எடுத்துவைத்ததும் இந்தத் தெருவில்தான். அடுத்த அடியைத்தான் நாம் வைக்கவில்லை.

மலேரியாவிலும் பெரிய மருந்துகளைக் கண்டெடுத்தவர்கள் பிறரே. அந்த நோய்க்கு உலகம் கண்ட இரு பெரும் மருந்துகளும் செடியிலிருந்து வந்தவை. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பாரிஸில் குவினைன் பிரிக்கப்பட்டது. மற்றொன்று சீனாவின் ஆர்ட்டிமிசினின். சீன விஞ்ஞானி தூ யூயூ அதைக் கண்டெடுத்த விதத்தைக் கஷாயம் வைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய குழு எடுத்த சாறு ஒருமுறை பலித்தது, மறுமுறை பலிக்கவில்லை. அப்போது நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங் எழுதிய கைநூலை அவர் மீண்டும் புரட்டினார். ஒரு கைப்பிடி இலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததே தவிர, காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குத் தோன்றியது. குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரில் சாறு எடுத்தார். 1971 அக்டோபரில் 191ஆம் மாதிரி எலியின் ரத்தத்தில் இருந்த கிருமியை முழுவதும் ஒழித்தது. நோயாளிக்குக் கொடுக்கும் முன் தானே குடித்துப் பார்த்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய நூலை மதித்தவர்தான் அவர். அந்த மதிப்பினாலேயே அதை ஒவ்வொரு சொல்லாகச் சோதித்தார்.

சோதிப்பது நமக்கு அந்நியமான பழக்கமும் அல்ல. நீலகிரியில் நடுவட்டம் பகுதியில் சிங்கோனா பயிரான 1860களில், அதன் பட்டையில் உள்ள நான்கு ஆல்கலாய்டுகளில் எது எந்த அளவுக்குக் காய்ச்சலைத் தீர்க்கிறது என்று பார்க்கச் சென்னை மாகாணம் குழு அமைத்தது. 1866 முதல் 1868 வரை சுமார் 3,600 நோயாளிகளிடம் சோதனை நடந்தது. சிங்கோனின் தவிர்த்த மற்ற மூன்றும் நூற்றுக்கு 98க்கு மேற்பட்டோரைக் குணமாக்கின. சிங்கோனினும் அதிகம் பின்தங்கிவிடவில்லை. விலை உயர்ந்த குவினைனையே நம்பிக் கிடக்க வேண்டியதில்லை என்று அதனால் தெரிந்தது. அது காலனி அரசு. தன் படையையும் தோட்டங்களையும் காக்கவே அது செய்தது என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனாலும் எண்ணிக்கை வைத்துப் பார்த்த அந்த முறை சரியானது.

சுதந்திர இந்தியாவின் கணக்கில் ஒரு வெற்றியும் ஒரு சறுக்கலும் இருக்கின்றன. லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் ஆர்ட்டிமிசினினிலிருந்து ஆர்ட்டீதர் ஊசியை உருவாக்கியது. 1997இல் அது சந்தைக்கு வந்தது. இது வெற்றி. ஆயுஷ்-64 மாத்திரையின் கதை வேறு. ஏழிலைப்பாலைப் பட்டை, கடுகுரோகிணி, கழற்சிக்காய், அவற்றோடு கரோல் பாகின் அதே சிராயதா சேர்த்து, 1980இல் மலேரியாவுக்கென்றே ஆயுர்வேத ஆராய்ச்சி மன்றம் அதைத் தயாரித்தது. மலேரியா ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் அதை வழக்கமான மலேரியா மருந்தான குளோரோகுயினோடு ஒப்பிட்டு, விவாக்ஸ் வகை மலேரியா நோயாளிகளிடம் சோதித்து, 2000இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். 28 நாள் கழித்துப் பார்த்தபோது குளோரோகுயின் உண்டு கண்காணிப்பில் இருந்த அனைவரும் குணமாகியிருந்தார்கள். ஆயுஷ்-64 உண்டவர்களில் நூற்றுக்கு 48.9 பேரே குணமானார்கள்.

இந்த முடிவை மறைக்காமல் அச்சிட்டவர்களைப் பாராட்டுகிறோம். பாதிப் பேரைக் கைவிடும் மருந்தை மலேரியா நோயாளிக்குத் தரக் கூடாது. அதே சமயம், பாதிப் பேருக்கு ஏதோ நடந்திருக்கிறது என்றால் அந்த நான்கு சரக்கில் எது, எந்த மூலக்கூறு, எவ்வளவு என்று தேடியிருக்க வேண்டும். தூ யூயூவின் சாறும் முதலில் அரைகுறையாகத்தான் வேலை செய்தது. இங்கே 2021இல் அதே மாத்திரை, கிருமியே வேறான கோவிட்டுக்கு நாடெங்கும் விநியோகிக்கப்பட்டது. முடிக்க வேண்டிய ஆராய்ச்சியை விட்டுவிட்டு விநியோகத்துக்குப் போகும் இந்தப் பழக்கத்தைத்தான் எதிர்க்கிறோம்.

மேலை மருந்து நிறுவனங்களின் குரலில் பேசுகிறோம் என்று சித்த, ஆயுர்வேத அன்பர்கள் சிலர் வருந்தக்கூடும். எங்கள் செடிகளைச் சோதிக்க யார் பணம் தருகிறார்கள் என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. காப்புரிமையில் லாபம் பார்க்க முடியாத செடிக்குத் தனியார் பணம் வராது. அங்கேதான் அரசு முன்வர வேண்டும். ஆனால் காசு இல்லை என்பதற்காகச் சோதனையைத் தாண்டிக் குதிக்க முடியாது. ஆர்ட்டிமிசினின் தரும் மாசிபத்திரி இனத்துச் செடியின் இலையைத் தேநீராகவோ பொடியாகவோ மலேரியாவுக்குத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதன் காரணம் எளிது. அதில் மருந்தின் அளவு செடிக்குச் செடி மாறும். குறைந்த அளவு உள்ளே போனால் பலவீனமான கிருமி சாகும், தாங்கும் கிருமி பெருகும். ஆர்ட்டிமிசினினை எப்போதும் இன்னொரு மருந்தோடு சேர்த்தே தருவதும் இதனால்தான். கம்போடியாவில் தலைகாட்டிய ஆர்ட்டிமிசினின் எதிர்ப்பு இன்று ருவாண்டா, உகாண்டா வரை தெரிகிறது. 1973இல் அசாமில் குளோரோகுயினுக்கு அடங்காத ஃபால்சிபாரத்தைக் கண்ட நாடு நாம். புதிய மூலக்கூறு நமக்குத் தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நாட்டில் பதிவான மலேரியா நோயாளிகள் 2015இல் 11.69 லட்சம். 2023இல் அது 2.27 லட்சமாகக் குறைந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனை, சரியான மாத்திரை, கொசு ஒழிப்பு ஆகியவற்றால் வந்த குறைவு இது. 2030க்குள் மலேரியாவை ஒழிப்பது என்ற இலக்கை நெருங்கும் நேரத்தில் ஒரு நோயாளியைக்கூடக் கஷாயத்தை நம்பித் தாமதிக்க விடக் கூடாது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றே விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்க வேண்டும். மலேரியா என்று தெரிந்தால் அரசு தரும் மாத்திரையைச் சொன்ன நாள் வரை முழுவதும் உண்டு முடிக்க வேண்டும். விவாக்ஸ் என்றால் பிரைமாகுயின் 14 நாள். காய்ச்சல் நின்றதும் நடுவில் விட்டுவிடுகிறவர்களிடம் கல்லீரலில் பதுங்கிய கிருமி மாதங்கள் கழித்துத் திரும்பும்.

மத்திய ஆயுஷ் அமைச்சகம் மூன்று காரியம் செய்ய வேண்டும். மலேரியாவைக் குணமாக்கும் என்ற வாசகம் எந்த மருந்துப் பெட்டியில் இருந்தாலும் அதற்கான மனிதச் சோதனை முடிவைப் பொதுவில் வைக்கச் சொல்ல வேண்டும். அரசுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு சோதனையின் முடிவும், தோற்றதாயினும், அச்சேற வேண்டும். தாம்பரத்துச் சித்த நிறுவனம், லக்னோ ஆய்வகம், திப்பியா கல்லூரி ஆகியவற்றைத் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தோடு ஒரே திட்டத்தில், பத்தாண்டுக்குக் குறையாத நிதியோடு இணைக்க வேண்டும்.

அந்த மலேரியா நிறுவனம் இருப்பது தில்லியிலேயே, துவாரகா செக்டர் 8இல். கரோல் பாகில் நீல வழித்தட மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அங்கே போய் இறங்கலாம். திப்பியா கல்லூரி தில்லி அரசின் கையில் இருக்கிறது. சிராயதாவையும் நிலவேம்பையும் தனித்தனிப் பையில் கட்டி, பெயரும் பறித்த இடமும் எழுதி, அந்த வண்டியில் அனுப்பும் முதல் ஆணையை இந்த மழைக்காலத்திலேயே போடலாம்.