வாய்க்கால் மேல் வாசற்படி

மூன்றாவது வரிசை ஏழாம் நம்பர் வீட்டில் படுக்கையறைச் சுவர் வெடித்திருக்கிறது. ஜன்னல் மூலையில் ஆரம்பித்துக் குறுக்காகக் கூரைவரை ஏறிப் போகிறது விரிசல். விரலை வைத்தேன், நகம் முழுசும் உள்ளே போனது. குடிவந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அந்த வீட்டுப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணா, இது உங்க நிலம்தானே? இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"

வாயைத் திறக்க முடியவில்லை. தாயே, நீ கட்டில் போட்டிருக்கிற இடத்தில்தான் எங்கள் கழனிக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால் ஓடியது.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரைக்குக் கீழே 2 ஏக்கர் 40 சென்ட் நஞ்சை. தாத்தா கிச்சிலிச் சம்பா போட்ட மண். ஆசைப்பட்டு விற்றோம் என்று ஊரில் பேசுகிறார்கள். பேசட்டும். மேல்மடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிரயம் செய்துகொடுத்து, நடுவில் தார்ச்சாலையும் காம்பவுண்டுச் சுவரும் எழும்பிய பிறகு எங்கள் மடைக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இரண்டு போகம் தரிசு. அப்பாவின் வைத்தியக் கடன் வேறு. அப்போதுதான் மனை பிரித்து வீடு கட்டும் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பாதிக்குப் பணம், மீதிக்கு அதே இடத்தில் இரண்டு வீடு. சொந்த மண்ணிலேயே கண்ணை மூடலாம் என்று அம்மா தலையாட்டினாள். கையெழுத்துப் போட்டேன்.

அந்த மண்ணைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அது களி. மழையில் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். தலைமுறை தலைமுறையாகச் சேடை ஓட்டி மிதித்ததில் ஓரடிக்குக் கீழே மண் இறுகிக் கிடக்கும். தண்ணீர் கீழே இறங்கிவிடக் கூடாது என்றுதானே அப்படி உழுதார்கள்! நெல்லுக்கு அது வரம். வீட்டுக்கு? மேலே எதைக் கொட்டினாலும் பெய்கிற மழை அந்த இறுகிய மண்மேல் தேங்கி நின்று அஸ்திவாரத்தை ஊறவைக்கும். ஏர் பிடித்த எவனுக்கும் இது தெரியும்.

அவர்கள் கொட்டியது எதை? நகரத்தில் இடித்த வீடுகளின் ரப்பீஸ். செங்கல் துண்டு, உடைந்த டைல்ஸ், கக்கூஸ் பீங்கான். ராத்திரியில் லாரி லாரியாக வந்து இறங்கியது. அதன்மேல் ஓரடி கிராவல் போட்டு மூடி, ரோலரை இரண்டு தடவை ஓட்டி, கல் நட்டுக் கலர்க் கொடி கட்டினார்கள். "தம்பி, கெட்டி மண் வர்ற வரைக்கும் தோண்டுங்க" என்று இன்ஜினீயரிடம் கெஞ்சினேன். "எல்லாம் டிசைன்படிதான் ஐயா" என்றார். குழி என் இடுப்பளவுகூட இல்லை. ரப்பீஸைத் தாண்டவே இல்லை.

எம்சாண்ட் என்று வந்து இறங்கியதை அள்ளிப் பார்த்தேன். மாவு. கிரஷர் தூசி. உள்ளங்கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. கான்கிரீட் போட்டால் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும், கலப்பு சிமென்ட் என்றால் 10 நாள். அரசாங்கத் தரவிதியிலேயே இருக்கிறது. இங்கே தூணுக்கு ஒரு சாக்குகூடச் சுற்றவில்லை. சித்திரை வெயிலில் மூன்றாம் நாளே மேலே செங்கல் ஏறியது. ஏரியடி ஊரில் நாலு குடம் தண்ணீர் விட ஆள் இல்லையா! வேலை செய்த பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் கிடந்தவர்கள். சதுர அடிக் கணக்கில் கூலி. வேகமாக முடித்தால்தான் அவர்கள் வீட்டுக்குப் பணம் போகும்.

கம்பெனிக்குப் போன் செய்தால், "ஏர் கிராக்தான் சார், பட்டி பார்த்துப் பெயின்ட் அடிச்சிடலாம்" என்கிறார்கள். நகம் நுழைகிற விரிசலுக்குப் பட்டியா? வீட்டை ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்து சொன்னால், 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம். அதைச் சொன்னால், "நாங்க வித்தது மனை மட்டும்தான், கட்டுமானம் தனி ஒப்பந்தம்" என்று வேறொரு காகிதத்தை நீட்டுகிறார்கள். அந்தப் பெண் தலையில் 20 வருஷக் கடன். சுவர் பிளந்தாலும் மாதாமாதம் தவணை போய்க்கொண்டிருக்கிறது.

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவுக்குள் படகு ஓடியது. அதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகுமா இப்படிக் கட்டுகிறீர்கள்? கழனியை மனையாக்க அனுமதி கொடுத்தவரே, ஐப்பசியில் ஒரே ஒரு நாள் வந்து வரப்பில் நின்றிருந்தால் போதுமே, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்திருக்குமே!

போன கார்த்திகை அடைமழையில், ராத்திரி இரண்டு மணிக்கு, மேல்பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரைச் சாய்த்துக்கொண்டு தண்ணீர் பழைய வழியிலேயே வந்தது. சத்தம் கேட்டு எழுந்த அம்மா, "மடையைத் திருப்பி விட்டுட்டு வாடா" என்றாள். தூக்கக் கலக்கத்தில் நானும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். முழங்கால் தண்ணீரில், சிமென்ட் ரோட்டின் நடுவில் போய் நின்றேன். வெட்டிவிட ஒரு வரப்பு இல்லை. ஏழாம் நம்பர் மாடியில் அந்தப் பெண், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றிருந்தாள்.