59 விநாடிக்குப் பிறகு

ரைட் சகோதரர்களின் கதையைப் பள்ளிப் புத்தகங்கள் 12 விநாடியோடு முடித்துக்கொள்ளும். 1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் வட கரோலினா கடற்கரையில் ஆர்வில் ரைட் 120 அடி தூரம் பறந்தார்; மனிதன் சிறகு பெற்றான்; அடுத்த பாடம். அதே நாளில் அந்த விமானம் உருக்குலைந்து போனதை அவை சொல்வதில்லை.

அன்று காலை காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல் வீசிக்கொண்டிருந்தது. மணலில் தேங்கிய நீர் உறைந்து கிடந்தது. தணியட்டும் என்று பத்து மணிவரை காத்திருந்தார்கள். தணியவில்லை. மூன்று நாள் முன்பு வில்பர் செய்த முயற்சியில் சேதமான விமானத்தை அப்போதுதான் சரிசெய்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்ப வேண்டும். துணிந்துவிட்டார்கள். பழக்கமில்லாத எந்திரத்தை அந்தக் காற்றில் ஓட்டிய தங்கள் துணிச்சலைப் பின்னாளில் ஆர்விலே வியந்து எழுதினார். ஆபத்து தெரியாதவர்கள் அல்ல. கிளைடரில் பறந்த ஜெர்மானியர் ஓட்டோ லிலியன்தால் 1896இல் விழுந்து இறந்த செய்திதான் அவர்களை இந்தப் பக்கம் திருப்பியது.

காற்று உதவியும் செய்தது. விமானத்தைத் தாங்குவது தரைமீது அது ஓடும் வேகம் அல்ல. இறக்கைமீது காற்று பாயும் வேகம். எதிர்க்காற்று பலமாக இருந்தால் 12 குதிரைசக்தி எஞ்சின் மிச்ச வேகத்தைச் சம்பாதித்தால் போதும். தண்டவாளத்தில் 40 அடி ஓடியதுமே விமானம் எழும்பியது இதனால்தான். ஆனால் சீராக வீசும் காற்றுதான் நண்பன். விட்டுவிட்டு வீசும் காற்று ஒரு கணம் கடன் கொடுத்துவிட்டு மறுகணம் வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும். தரைக்குப் பத்தடி மேலே அது நடந்தால் சமாளிக்க இடமில்லை.

மூன்றாவது முறை பறந்தபோது பக்கவாட்டிலிருந்து வந்த காற்று விமானத்தைத் தூக்கிச் சாய்த்தது. இறக்கைகளை முறுக்கி ஆர்வில் தப்பினார். நண்பகலில் வில்பர் ஏறினார். 59 விநாடி, 852 அடி. கடைசியில் விமானம் மேலும் கீழுமாகத் துள்ளி மண்ணில் முட்டியது. முன்புறச் சுக்கானின் சட்டம் உடைந்தது. ஓரிரு நாளில் சரிசெய்துவிடலாம் என்ற அளவுக்குத்தான் சேதம்.

தூக்கிவந்து வைத்துவிட்டு, பறந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள். வினை அங்கேதான் வந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்போம். இதுவோ 40 அடி அகல இறக்கைகளோடு மரமும் துணியுமாகச் செய்த, 275 கிலோ தேறும் உருப்படி. திடீரென அடித்த காற்று அதைப் புரட்டியது. மற்றவர்கள் விட்டுவிட, கடலோர உயிர்காப்பு நிலைய ஊழியர் ஜான் டேனியல்ஸ் மட்டும் பிடியை விடவில்லை. கம்பிகளுக்கும் சட்டங்களுக்கும் நடுவே சிக்கி அவரும் உருண்டார். காலையில் அந்தப் புகழ்பெற்ற முதல் புகைப்படத்துக்குக் கேமராவை இயக்கியவர் அவர்தான். சிராய்ப்புகளோடு பிழைத்தார்.

இன்று சிறு விமானத்தை நிறுத்தியதும் இறக்கையையும் வாலையும் தரையிலுள்ள வளையங்களில் கயிற்றால் கட்டிவிடுகிறார்கள். இறங்கும்போது காற்று 12 நாட் வீசி, இடையிடையே 20க்கு எகிறினால், வித்தியாசத்தில் பாதியை, அதாவது 4 நாட் வேகத்தைக் கூட்டிக்கொள் என்பது பயிற்சி மாணவருக்குப் பாலபாடம். பயிற்சிக்கு அதிகம் பயன்படும் செஸ்னா 172 கையேட்டில் பக்கக் காற்றுக்கு 15 நாட் (மணிக்கு 28 கிலோமீட்டர்) என்று ஓர் எண் இருக்கிறது. அது விமானம் தாங்கும் எல்லை அல்ல. சோதனை விமானி இறக்கிக் காட்டிய அளவு. அந்த எண்ணைத் தன் சொந்தத் திறமைக்கான சான்றிதழாக ஒரு புதியவர் எடுத்துக்கொண்டால் வம்புதான். காற்று சதி செய்தால் எஞ்சினை முடுக்கி மேலேறி இன்னொரு சுற்று வரலாம். எளிய வழிதான், ஆனால் அதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் உண்டு.

ரைட் விமானம் பிறகு பறக்கவே இல்லை. பெட்டிகளில் ஊர் திரும்பி, ஒட்டுப்போடப்பட்டு, 1928இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய், 1948 டிசம்பரில் வாஷிங்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதைப் பார்க்க ஆர்வில் இல்லை. அவர் அந்த ஆண்டு ஜனவரி 30 அன்று காலமாகியிருந்தார். டேனியல்ஸ் மறுநாள்.