ஒரே கார், மூன்று தீர்ப்பு

2023 ஜூன் மாதம் மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்தேன். நகரின் வடமேற்கு ஓரத்தில் ஹாரோ என்ற பகுதி. போய் இறங்கிய மூன்றாம் நாள் காலை, மாப்பிள்ளை வாசலில் நின்று காரின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த மஞ்சள் வில்லை ஒன்றைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். வட்டமான வில்லை, நடுவில் 2 என்று எண்.

"என்ன மாப்பிள்ளை, எஃப்.சி. ஸ்டிக்கரா?" என்று கேட்டேன். முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் குப்பை கொட்டியவனுக்கு வேறு என்ன தோன்றும்?

"இல்ல மாமா, இது பாரிஸ்ல கேட்பாங்க. ஈஸ்டருக்குப் போனோமே, அப்ப வாங்கினது. வண்டிய விக்கப் போறோம், அதான்."

வண்டி 2013 மாடல் டீசல் கார். ராஜா மாதிரி வைத்திருந்தார். ஏன் விற்க வேண்டும் என்று கேட்டதற்குத்தான் 'யூலெஸ்' என்ற சொல்லை முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். மிகக் குறைந்த மாசு மண்டலம் என்பதன் சுருக்கம். 2019 ஏப்ரலில் லண்டனின் நடுப்பகுதியில் மட்டும் ஆரம்பித்தார்கள். 2021 அக்டோபரில் வடக்கு, தெற்கு சுற்றுச்சாலைகள் வரை நீட்டினார்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் ஹாரோ உட்பட மொத்த லண்டனும் அதற்குள் வந்தது. தரத்துக்குக் கீழே உள்ள வண்டி அன்றைக்கு ஒரு தெரு ஓடினாலும் 12.50 பவுண்டு. அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 1,300 ரூபாய். கேட் கிடையாது, ரசீது கொடுக்க ஆள் கிடையாது. கம்பத்தில் இருக்கும் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும். நாம்தான் ஞாபகமாகக் கட்ட வேண்டும். மறந்தால் 180 பவுண்டு அபராதம், 14 நாளுக்குள் கட்டினால் அதில் பாதி. கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாள் மட்டும் விடுமுறை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பழைய பழக்கத்தில் சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். கரி ஒட்டவில்லை! எங்கள் டிப்போ வண்டிகளில் அப்படிச் செய்தால் கை கழுவ அரை சோப்பு ஆகும். "இந்த வண்டியா மாசு?" என்றேன்.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நாங்கள் எல்லாம் புகையைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன தலைமுறை. கறுப்பாக வந்தால் இன்ஜெக்டர், நீலமாக வந்தால் ஆயில், அவ்வளவுதான். கரியைப் பிடிக்க இந்த வண்டிகளில் வடிகட்டி வந்துவிட்டது. ஆனால் டீசல் எஞ்சினுக்குள் சூடு அதிகம், காற்றும் அதிகம். அந்தச் சூட்டில் காற்றில் இருக்கும் நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாது. மூச்சுக்குழாய்க்குத் தெரியும்.

இதற்கு ஐரோப்பியக் கணக்கு உண்டு. யூரோ 5 டீசல் காருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 180 மில்லிகிராம் வரை அனுமதி, யூரோ 6 டீசலுக்கு 80. யூரோ 4 பெட்ரோல் காருக்கும் அதே 80. லண்டன் கோடு போட்டது அந்த 80-இல். அதனால்தான் 2006-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார் பெரும்பாலும் தேறிவிடும், 2015 செப்டம்பருக்கு முந்தைய டீசல் பெரும்பாலும் தேறாது. பதினேழு வருஷத்துக் கிழட்டுப் பெட்ரோல் வண்டி சும்மா போகும், பத்து வருஷ டீசல் பணம் கட்டும். கேட்க விசித்திரமாக இருந்தாலும் எஞ்சின்காரனாக நான் ஒத்துக்கொள்கிறேன். கணக்கு சரி.

சரியில்லாதது அந்த மஞ்சள் வில்லையில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'கிரிட்-ஏர்' என்கிறார்கள். மின்சாரக் காருக்குப் பச்சை, அதற்கடுத்து 1 முதல் 5 வரை வகுப்புகள். யூரோ 5 டீசலுக்கு 2. அந்த வருஷம் பாரிஸில் தடை 4-க்கும் 5-க்கும், வகுப்பே கிடைக்காத பழைய வண்டிகளுக்கும்தான். ஆக மாப்பிள்ளையின் கார் பாரிஸில் தாராளமாகப் போகலாம். லா சப்பேல் கடைத்தெருவில் நம்மவர்கள் கடை வாசல் வரைக்கும் போய்வந்திருக்கிறார்கள். பெர்லினுக்குப் போயிருந்தால் இன்னும் மரியாதை! அங்கே 2008-இலிருந்து வில்லை முறை. யூரோ 4 டீசலுக்கே பச்சை வில்லை கொடுத்துவிடுவார்கள், பச்சைதான் அங்கே முதல் மார்க். ஒரே கார், ஒரே புகை. பெர்லினில் பச்சை, பாரிஸில் மஞ்சள், சொந்த ஊரில் தண்டம். எல்லை தாண்டினால் நைட்ரஜன் மாறிவிடுமா என்ன?

அந்த டீசலை வாங்கச் சொன்னது யார் என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 2001 மார்ச் முதல் புதிய கார்களுக்கான வரியைக் கார்பன் டை ஆக்சைடு அளவை வைத்துப் போட்டார்கள். டீசல் கார் எண்ணெய் குறைவாகக் குடிக்கும், கார்பன் குறைவு, வரி குறைவு. ஜனங்கள் டீசலுக்குப் போனார்கள். பூமிக்கு நல்லது செய்கிறோம் என்றும் நினைத்துக்கொண்டார்கள். பிறகு 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் மாட்டியது. சோதனைச் சாலையில் இருக்கிறோம் என்று கண்டுபிடித்து அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளை உலகம் முழுக்க ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் கார்களில் வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் யூனிஃபார்ம் போடும் ஆளை டிப்போவில் பார்த்திருக்கிறேன். காரே அப்படிச் செய்யும் என்று நினைத்ததில்லை. மாப்பிள்ளையின் கார் அந்தக் கம்பெனி இல்லை. ஆனால் அரசாங்கம் வழி காட்டியது, பெரிய கம்பெனி ஏமாற்றியது, கடைசியில் பில் வந்தது வண்டியைக் கையில் வைத்திருந்தவனுக்கு.

இவ்வளவு சொன்னதால் நான் அந்தத் திட்டத்துக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். கேமராக்களை ராத்திரியில் அறுத்துப் போட்டவர்கள் அப்போது இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. காரணம் ஒரு சிறுமி. எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்று பெயர். லண்டனின் லூயிஷம் பகுதியில் தெற்குச் சுற்றுச்சாலைக்குப் பக்கத்தில் வீடு. கடுமையான ஆஸ்துமா. மூன்று வருஷத்தில் முப்பது தடவைக்குக் கிட்ட ஆஸ்பத்திரி. 2013 பிப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்துபோனாள். தாயார் விடவில்லை, மறுவிசாரணை கேட்டுப் போராடினார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, சாவுக்குக் காற்று மாசும் காரணம் என்று எழுதினார். பிரிட்டனில் ஒருவரின் மரணத்துக்கு அப்படி எழுதியது அதுவே முதல் முறை. மாப்பிள்ளையின் கார் ரோட்டுக்கு வந்ததும் அதே 2013. இதைப் படித்த பிறகு 12.50 பவுண்டைப் பற்றி எனக்குப் பெரிதாகப் பேச வரவில்லை.

பேச வேண்டியது வேறு. பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், முதியோர் இல்லத்தில் இரவு வேலை. கோயிலில் பழக்கமானார். 2012 மாடல் சின்ன டீசல் கார் வைத்திருந்தார். கட்டண நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இரவு ஒன்பதுக்குப் போய்க் காலை ஏழுக்குத் திரும்பினால் இரண்டு தேதி. "ஐயா, ஒரு இரவு வேலைக்கு ரெண்டு நாள் காசு கட்ட வேண்டிக் கிடக்கு" என்றார். ஒன்றுவிட்டு ஒரு நாளாக வாரத்தில் மூன்று இரவு போகிறவருக்கு 75 பவுண்டு. அந்த நேரத்துக்கு அவருக்குத் தோதான பஸ்ஸும் இல்லை. பகலில் காபி குடிக்கப் போகிறவருக்கு ஒரு கட்டணம், ராத்திரி முழுக்கக் கிழவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கிறவருக்கு இரண்டு. வண்டி முதலில் ஓடிய நேரத்திலிருந்து 24 மணி என்று கணக்கு வைத்தால் போயிற்று. கேமராவில் நேரம் பதிவாகத்தானே செய்கிறது? இதற்கு ஒரு கமிட்டிகூட வேண்டாம்.

பழைய காரை நொறுக்கக் கொடுத்தால் 2,000 பவுண்டு வரை தரும் திட்டம் இருந்தது. முதலில் குறிப்பிட்ட உதவித்தொகை வாங்குவோர் போன்றவர்களுக்கு மட்டும். எல்லா லண்டன்வாசிகளுக்கும் என்று திறந்தது ஆகஸ்ட் 21. கட்டணம் தொடங்க எட்டே நாள்! நகர முழுக்க விரிவாக்கம் என்று உறுதி செய்தது முந்தைய நவம்பரில். பணத்தையும் அன்றைக்கே திறந்திருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். எங்கள் டிப்போவில் ஒரு வண்டியைக் கழிவு செய்தால் மாற்று வண்டி வரும் வரை ஷெட்யூலை நிறுத்த மாட்டோம். அதே நியாயம்தான்.

அந்த அம்மாவுக்குத் தொகை கிடைத்தது. 2012 காரை நொறுக்கக் கொடுத்துவிட்டு 2007 மாடல் பெட்ரோல் கார் ஒன்று வாங்கினார். வாங்கும் முன் என்னைத்தான் பார்க்கச் சொன்னார். கிளட்ச் கொஞ்சம் வழுக்கியது, மற்றபடி பாதகமில்லை என்று சொன்னேன்.

மாப்பிள்ளைக்கு அந்தப் பொறுமை இல்லை. ஜூலையிலேயே, கிடைத்த விலைக்கு விற்றுவிட்டார். வில்லை பாதிதான் பிய்ந்து வந்திருந்தது, அதோடேயே வண்டி போயிற்று. வாங்கிப் போனவர் நார்தாம்ப்டன் ஆள். இந்த வண்டியை லண்டனில் ஓட்டினால் கட்டணம் வரும் என்று மாப்பிள்ளை எச்சரித்தார். "நான் ஏன் லண்டனுக்கு வருகிறேன், எங்கள் ஊருக்குள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை விடத்தானே" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.