பிழை களையும் கண்

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது பழமொழி. உலகப் பொருள்களையெல்லாம் காணும் கண்ணுக்குத் தன்னைத் தாங்கி நிற்கும் முகம் தெரிவதில்லை; அதனைக் காண்பதற்குக் கண்ணாடி ஒன்று வேண்டும். எழுதுவோர் நிலையும் இத்தகையதே. பிறர் எழுத்தில் உள்ள சிறு பிழையை நொடிப்பொழுதில் கண்டு நகைப்பவர், தம் எழுத்தில் உள்ள பெரும்பிழையைப் பத்து முறை படித்தும் காணாது போவர். கற்றவர், கல்லாதவர் என்னும் வேறுபாடு இதில் இல்லை. ஆதலின், எழுதியதை அச்சுக்கு விடுமுன், பிழை திருத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடம் அதனைக் காட்டுதல் எழுதுவோர் கடமைகளுள் ஒன்றாகும். அத்தொழில் செய்வோரை மெய்ப்புத் திருத்துநர் என்பர். அச்சகங்களில் புரூப் ரீடர் என்னும் பெயரே பெருவழக்கு.

எழுதியவர் கண்ணுக்கு அவர் பிழை ஏன் புலப்படுவதில்லை? அறிவுக் குறைவு அதற்குக் காரணம் அன்று. அறிந்த மிகுதியே காரணம். படிக்கும் கண், ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே எண்ணிச் செல்வதில்லை. சொல்லின் உருவத்தைக் கண்ட அளவில் மேலே தாவிச் செல்கின்றது. எழுதியவருக்கோ, அடுத்து வரும் சொல் இன்னது என்பது முன்னரே தெரியும். அவர் தாளில் இருப்பதைப் படிப்பதில்லை. தம் நெஞ்சில் இருப்பதையே படிக்கின்றார். விடுபட்ட சொல்லை மனம் தானே இட்டு நிரப்பிவிடுகின்றது. மெய்ப்புத் திருத்துநர் நெஞ்சில் அக்கருத்து முன்னரே இல்லை. அவர் முன் இருப்பது தாள் ஒன்றே. அதனாற்றான் தாளில் உள்ளது உள்ளவாறு அவருக்குத் தெரிகின்றது.

தமிழில் எழுதுவோர்க்கு இத்துணை இன்னும் மிகுதியாக வேண்டும். லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும், ணகர னகரங்களும் ஒலியில் நெருங்கியவை. பொருளிலோ நெடுந்தொலைவு விலகியவை. 'பள்ளி ஆண்டு விழா' என்று எழுத எண்ணியவர் ஓர் எழுத்துத் தவறினால் 'பல்லி ஆண்டு விழா' ஆகிவிடும். அறத்தைப் பற்றி எழுதத் தொடங்கியவர், இரும்பை அராவும் அரத்தைப் பற்றி எழுதியவர் ஆவார். வல்லெழுத்து மிகுதலும் மிகாமையும் இத்தகையனவே. 'கீரைக் கடை' என்றால் கீரை விற்கும் இடம். 'கீரை கடை' என்றால் கீரையைக் கடையுமாறு இடும் ஏவல். 'வேலை தேடினான்' என்பவன் பணியை நாடியவன். 'வேலைத் தேடினான்' என்பவன் படைக்கலத்தை நாடியவன். ஓர் ஒற்றின் புள்ளி பணியைப் படைக்கலம் ஆக்கிவிடுகின்றது.

இவையெல்லாம் நகைப்புக்குரிய சிறு பிழைகள் என்று கருதுவோர் உண்டு. பிழை எப்பொழுதும் நகைப்போடு நின்றுவிடுவதில்லை. இலண்டன் மாநகரில் 1631-ஆம் ஆண்டில் விவிலிய நூலின் பதிப்பு ஒன்று வெளிவந்தது. பிறன்மனை நயத்தல் கூடாது என்னும் கட்டளையில், 'கூடாது' என்னும் பொருள் தரும் ஒரு சிறு சொல் விடுபட்டது. விலக்கப்பட்ட தீமையே விதிக்கப்பட்ட கடமையாக அச்சேறியது. அரசன் சினந்தான், அச்சிட்டோர்க்கு 300 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது.

அமெரிக்க நாட்டில் 1872-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சுங்கச் சட்டத்தில், வரி இல்லாமல் இறக்குமதி செய்தற்குரிய பொருள்களின் பட்டியல் ஒன்று இருந்தது. பழம் தரும் செடிகளுக்கு வரி இல்லை என்பதே கருத்து. ஆயின் ஆங்கிலத்தில் பழம் என்னும் சொல்லுக்கும் செடிகள் என்னும் சொல்லுக்கும் இடையே ஒரு காற்புள்ளி புகுந்துவிட்டது. 'பழச் செடிகள்' என்றிருக்க வேண்டியது 'பழம், செடிகள்' என்றாயிற்று. பழங்களுக்கும் வரி இல்லை என்று வணிகர் வழக்காடினர். அரசாங்கம் இணங்க நேர்ந்தது. பிழை திருத்தப்படுமுன் கருவூலத்திற்கு ஏறத்தாழ 20 இலட்சம் டாலர் இழப்பு ஏற்பட்டது என்பர்.

பொருள் இழப்பினும் கொடியது மக்கள் வாழ்வு இழத்தல். பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில், கார்டிப் நகரில், நூறாண்டு கடந்த பொறித்தொழில் நிறுவனம் ஒன்று இருந்தது. அதன் பெயருக்கும் வேறொரு நிறுவனத்தின் பெயருக்கும் இடையே ஓர் எழுத்தே வேற்றுமை. 2009-ஆம் ஆண்டில், மற்ற நிறுவனம் கலைக்கப்படுவதை அரசுப் பதிவேட்டில் குறித்தவர்கள், அவ்வோர் எழுத்தைக் கவனியாது இந்நிறுவனத்தின் பெயரில் குறித்துவிட்டனர். சில நாள்களில் பிழை திருத்தப்பட்டது. ஆயினும் அதற்குள் செய்தி பரவிவிட்டது. சரக்கு அனுப்புவோர் நிறுத்தினர், வாங்குவோர் விலகினர். சில திங்களில் நிறுவனம் வீழ்ந்தது. அதனை நம்பி வாழ்ந்த தொழிலாளர் இருநூற்றைம்பதின்மருக்கு மேற்பட்டோர். 2015-ஆம் ஆண்டில், பதிவேட்டை வைத்திருந்தவர்களே பொறுப்பாளிகள் என்று நீதிமன்றம் கூறிற்று. தீர்ப்பு வந்தது, நிறுவனம் மீண்டு வரவில்லை. ஓர் எழுத்தை ஒருவர் இரண்டாம் முறை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் இத்துணைத் துன்பம் விளைந்திராது அன்றோ?

தமிழ் நூல்களை அச்சேற்றிய சான்றோர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1849-ஆம் ஆண்டில் சென்னையில் அச்சுப்பொறி ஒன்றை வாங்கிச் சென்று, வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவினார். தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறையாகப் பயன்படுத்திய முன்னோடி அவர். நாவலர் பதிப்பு என்றால் பிழையற்ற பதிப்பு என்று மக்கள் நம்பினர். அந்நம்பிக்கை பெயரால் வந்ததன்று. வரிதோறும் செலுத்திய கவனத்தால் வந்தது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைச் சென்னையில் அச்சிட்டு வெளியிட்டார். அம்முதற்பதிப்பு அவருக்குப் பெரும்புகழ் தந்தது. ஆயினும் அவர் அதனோடு அமைந்துவிடவில்லை. மேலும் ஆராய்ந்து திருத்தி 1907-ஆம் ஆண்டில் மறுபதிப்பு வெளியிட்டார். பெரும்புலவர்க்கே திருத்தம் இழிவன்று என்றால், பிறர்க்கு அது எங்ஙனம் இழிவாகும்?

மெய்ப்புத் திருத்தும் தொழில் இன்று நேற்றுத் தோன்றியதன்று. பெல்ஜியம் நாட்டு ஆன்ட்வெர்ப் நகரில் பிளான்டின் என்பவர் 1555-ஆம் ஆண்டில் நிறுவிய அச்சகம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. அங்கே மெய்ப்புத் திருத்துவோர்க்கெனவே ஓர் அறை உண்டு. ஒளி மிகுதியாக விழும் சாளரத்தின் அருகே, பெரிய மர மேசை இடப்பட்டிருக்கின்றது. அம்மேசையில் அமர்ந்து, பன்மொழி கற்ற அறிஞர்கள் பிறர் நூல்களைத் திருத்தினர். நூல்களின் முகப்பில் எழுதியவர் பெயர் உண்டு. அச்சிட்டவர் பெயர் உண்டு. திருத்தியவர் பெயரோ பெரும்பாலும் இல்லை. நூலில் பிழை இருந்தால் அவரை நினைப்போர் பலர். பிழை இல்லாதபோது அவரை நினைப்போர் இலர்.

இத்தகைய துணையை எங்ஙனம் பயன்கொள்ள வேண்டும்? முதலாவது, எழுத்து வேலை முற்ற முடிந்த பின்னரே படியைத் திருத்துநரிடம் கொடுக்க வேண்டும். கட்டி முடியாத வீட்டிற்கு வெள்ளை அடித்தல் வீண்செலவு. எழுதி முடித்தவர் சில நாள் அதனை மறந்திருந்து, பின்னர்த் தாமே வாய்விட்டுப் படித்து, கண்ணில் பட்டவற்றைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். கண் தாவிச் செல்லும் இடத்தில் நாக்கு இடறும். இடறும் இடத்தில் பிழை இருக்கும். தம்மால் இயன்றதைச் செய்த பின்னரே பிறர் உழைப்பை வேண்டுதல் முறை.

இரண்டாவது, திருத்துநரிடம் படியோடு செய்தியையும் கொடுக்க வேண்டும். நூல் யாருக்காக எழுதப்பட்டது, எவ்வகை நடையில் அமைந்தது, ஆட்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் எவ்வாறு எழுத வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் குறித்துத் தருதல் நன்று. ஒரே பெயர் ஒரு பக்கத்தில் ஒருவகையாகவும் மறுபக்கத்தில் வேறுவகையாகவும் வருதல் படிப்போரை மயக்கும். எழுத்தைத் திருத்துதல் மட்டும் வேண்டுமா, தொடரைச் செப்பனிடுதலும் வேண்டுமா என்பதையும் முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். ஊதியமும் நாளும் அவ்வாறே முன்னர் முடிவு செய்தற்குரியவை. இரவில் கொடுத்து விடியலில் கேட்பவர், கவனத்தைக் கேட்கவில்லை, கண்துடைப்பைக் கேட்கின்றார்.

மூன்றாவது, அச்சான படியை மூலப்படியோடு ஒப்பிட வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுப்படியைப் பார்த்து வருதல் அச்சகங்களில் கையாண்ட நல்ல முறை. விடுபட்ட சொல்லுக்குச் செருகற்குறியும், மிகுந்த எழுத்துக்கு நீக்கற்குறியும், இடம் மாறிய சொற்களுக்கு மாற்றுக்குறியும் ஓரத்தில் இடப்படும். எண்களைத் தனியே ஒருமுறை பார்த்தல் இன்றியமையாதது. சொற்பிழையைப் படிப்பவர் ஊகித்துத் திருத்திக்கொள்ளலாம். எண்பிழையை ஊகித்தல் அரிது. அரை மில்லிகிராம் மருந்தைக் குறிப்போர் 0.5 என்று எழுத வேண்டும். முன்னுள்ள சுழியம் இன்றிப் புள்ளியோடு தொடங்கினால், புள்ளி மங்கிய இடத்தில் அது ஐந்தாகப் படிக்கப்படும். பத்து மடங்கு மருந்து நோயாளியின் உயிருக்கே தீங்காகலாம்.

திருத்தங்கள் வந்தபின், எழுதியவர் அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஏற்க வேண்டும். திருத்துநர் ஐயம் எழுப்பிய இடத்தில் சினம் கொள்ளலாகாது. ஒரு தொடர் அவருக்கு விளங்கவில்லை என்றால், படிப்போர் பலர்க்கும் அது விளங்காது என்பதே பொருள். திருத்துநருக்கும் ஒரு வரம்பு உண்டு. பிறர் கருத்தைத் தம் கருத்தாக மாற்றும் உரிமை அவருக்கு இல்லை. அவர் கேட்கலாம், சுட்டலாம், முடிவு எழுதியவருடையது. முடிவு எழுதியவருடையது ஆதலின், எஞ்சிய பிழைக்குப் பொறுப்பும் எழுதியவருடையதே.

கணினி உள்ள இக்காலத்தில் மெய்ப்புத் திருத்துநர் எதற்கு என்று வினவுவோர் உண்டு. கணினி பல பிழைகளை விரைந்து காட்டுகின்றது; அவ்வுதவியைத் தள்ளுதல் அறிவுடைமை அன்று. ஆயினும் பல்லி என்பதும் சொல்லே. அரம் என்பதும் சொல்லே. எழுதியவர் எண்ணியது எது, அச்சில் உள்ளது செய்தியில் உண்மைதானா என்பவற்றில் அப்பொறியின் துணை முழு நம்பிக்கைக்கு உரியதன்று. பொருந்திய திருத்தத்தோடு பொருந்தாத திருத்தத்தையும் அது ஒரே துணிவோடு தருவதுண்டு. அதன் திருத்தத்தைத் தேர்வதற்கும் கற்ற கண் ஒன்று வேண்டும்.

செலவு மிகுதி என்று தயங்குவோரும் உளர். எல்லா எழுத்துக்கும் தொழில் வல்லவரை அமர்த்துதல் இயலாது, வேண்டுவதும் அன்று. நண்பனுக்கு எழுதும் கடிதத்திற்கு மறுமுறை படித்தலே போதும். பலர் கைக்குச் செல்லும் நூலுக்கும், மக்கள் பணம் பற்றிய ஆவணத்திற்கும், உயிர் காக்கும் குறிப்புக்கும் தொழில் வல்லார் துணை வேண்டும். எழுத்தால் பிறர்க்கு விளையக்கூடும் தீங்கு எவ்வளவோ, அவ்வளவு கவனம் அதற்கு உரியது.

மாணவர்க்கும் இதில் பாடம் உண்டு. கட்டுரை எழுதி முடித்தவுடன் அருகிலிருக்கும் தோழனிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் செய்தலும், அவன் கட்டுரையைத் தான் பார்த்துக் கொடுத்தலும் நல்ல பயிற்சியாகும். தோழன் சிவப்புக் கோடு இட்டால் முகம் வாடுதல் வேண்டா. அக்கோடு குற்றம் சாட்டும் விரல் அன்று; வழுக்கும் இடத்தைக் காட்டும் விளக்கு. படிப்பவர் தம் பொழுதை நம்பி ஒப்படைத்திருக்கின்றார் என்பதை எழுதுவோர் மறத்தல் கூடாது. அந்நம்பிக்கைக்கு ஈடாக, இரண்டாம் கண் ஒன்றின் முன் தம் எழுத்தைப் பணிவோடு வைத்தலே அவர் செய்யத்தக்க கைம்மாறு.