மரியாதையை ஊர்ல செய்யுங்க

மறைமலை நகரைச் சுத்தி இருக்கிற கிராமங்களுக்கு என்.எஸ்.எஸ். பிள்ளைங்க 7 நாள் முகாம் வருவாங்க. நாட்டு நலப்பணித் திட்டம், 1969-ல காந்தி நூற்றாண்டுல தொடங்கினது. ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் உழைக்கணும், ஒரு முகாம் முடிக்கணும், அப்பதான் சான்றிதழ். அதைக் கல்லூரியில கொடுக்கிறாங்க. யாருக்காக மண்வெட்டி பிடிச்சாங்களோ, அந்த ஊர்க்காரங்க அங்க இருக்கிறதில்லை.

அக்டோபர் 2 கிராம சபைக்கு அவங்களைக் கூப்பிட்டு, பேரை வாசிக்கலாமே. நட்ட கன்னுல எத்தனை நிக்குது, எத்தனையை ஆடு தின்னுச்சுன்னும் சேர்த்துச் சொல்லணும். வேலி கட்டாம, தண்ணி ஊத்தாம விட்ட எங்களுக்கும் அது உறைக்கும். சால்வையை விட அந்தக் கணக்குதான் பெரிய மரியாதை.

உங்க வீட்டுப் பிள்ளை முகாம் போயிருந்தா, மறு வருஷம் அந்த ஊரை ஒருதரம் எட்டிப் பாத்துட்டு வரச் சொல்லுங்க.