புத்தகப் பையில் ஒரு கத்தி

2015 மே 13ஆந் திகதி புங்குடுதீவில், துவிச்சக்கர வண்டியிற் பாடசாலைக்குப் புறப்பட்ட 18 வயது மாணவி வழிமறித்துக் கடத்தப்பட்டுக் கொலையுண்டாள். 2017 செப்ரெம்பரில் எழுவருக்கு மரணதண்டனை விதித்து யாழ்ப்பாணத்தில் தீர்ப்பும் வந்தது. ஆயினும், பெண்பிள்ளைகள் பையிற் கத்தியோ மிளகாய்த்தூளோ வைத்திருக்க வேண்டும் என்ற உபதேசத்தைத் தீவகத்தில் இன்றும் கேட்கலாம். அதில் அன்பு உண்டு, விவேகந்தான் குறைவு. பலர் சூழ்ந்துகொண்டவிடத்து ஆயுதம் கைமாறிவிடும் என்பது ஒருபுறமிருக்க, இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்புரிமையை அளிக்கின்றனவேயன்றி, அவசியத்துக்கு மேற்பட்ட தீங்கை அனுமதிப்பதில்லை. போர்க்காலச் சோதனைச் சாவடியில் ஒரு கையில் அடையாள அட்டையும் மறுகையில் திறந்த பையுமாக நின்ற தலைமுறைக்கு, பைக்குள் இருக்கும் கத்தியின் பாரத்தை எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. எனது அபிப்பிராயத்தில், ஒரு விசில், ஒரு ரோச் லைற், மின்னேற்றிய கைப்பேசி, அதில் பொலிஸ் அவசர அழைப்புக்கான 119, பெண்கள் உதவிச் சேவைக்கான 1938 என்ற இரண்டு இலக்கங்கள் ஆகியனவே போதும். ஆனால் விசிலை ஊதினாற் கேட்கச் செவி வேண்டாமோ? கனடாவிலும் பிரான்சிலும் குடியேறிவிட்டோரின் வீடுகள் கூரையிழந்து, கிணற்றுக்கட்டு வரை பற்றை மூடி, வீதியின் இருமருங்கும் நிரையாய்க் கிடக்கின்றன. மாணவியின் பைக்குள் கத்தியைத் திணிப்பதிலும் பார்க்க, பற்றையை வெட்டுவிக்கும்படி வளவுக்காரருக்குக் கடிதம் எழுதுவது வேலணைப் பிரதேச சபைக்கு எளிது. கூலியையும் அவர்களே அனுப்பட்டும்.